இரும்பு வேண்டும், பெயர் வேண்டாம்!



சிங்கப்பூர் ஆற்றங்கரையில், எம்பிரஸ் பிளேஸ் பகுதியில் ஒரு தூண் நிற்கிறது. நான்கு பக்கமும் பட்டையாக எழுந்து, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் கூராக முடியும் தூண். அந்த வழியாக நடந்து போகிறவர்களில் பெரும்பாலோர் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் நம்மவர் ஒருவர் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் வியப்படைவார். ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்து ஆகியவற்றோடு தமிழிலும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

1850-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு சிங்கப்பூருக்கு வந்துபோனார். அந்த வருகையின் நினைவாக எழுப்பப்பட்ட தூண் அது. அவர் இங்கே தங்கியது சில நாள்கள்தான். தூண் 170 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அதே காலத்தில் இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், சாலை போட்ட கைதிகளும் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களில் ஒருவர் பெயரையும் தூணில் எழுத வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

தூணை எழுப்புவதற்குக் கல்லும் கொத்தனும் போதும். அதில் யார் பெயரை எழுதுவது என்று முடிவு செய்யத்தான் அதிகாரம் வேண்டும். இதை விளக்குவதற்காக நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு தூண். அது கல்தூண் அல்ல, எஃகுத் தூண். நேராக நிற்பதும் இல்லை; தலைகீழாக நிற்கிறது. முழுமையாகவும் இல்லை, உடைந்திருக்கிறது. அதில் முகம் இல்லை, உருவம் இல்லை. ஆனாலும் அதை ஒரு நகரம் ஏற்க மறுத்தது. ஏன் என்பதுதான் இன்றைய கதை.

எகிப்தில் பிறந்த வடிவம்

இத்தகைய தூணை ஆங்கிலத்தில் ஓபிலிஸ்க் என்பார்கள். நாம் வசதிக்காக ஊசித்தூண் என்று வைத்துக்கொள்வோம். இது பழைய எகிப்தில் பிறந்த வடிவம். சூரியக் கடவுளுக்கு உரியதாக அந்த மக்கள் இதைக் கருதினார்கள். ஒரே கல்லில் செதுக்கி, கோயில் வாசலில் இரண்டிரண்டாக நிறுத்தினார்கள். அதன் பக்கங்களில் மன்னனின் பெயரையும் புகழையும் வெட்டினார்கள்.

பிறகு எகிப்தை வென்ற ரோமானியர்கள் இந்தத் தூண்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வென்றவன் வீட்டு முற்றத்தில் தோற்றவனின் தூண்! அந்த ஆசை ரோமாபுரியோடு முடியவில்லை. 1836-இல் பாரிசிலும், 1878-இல் லண்டனிலும், 1881-இல் நியூயார்க்கிலும் எகிப்தின் ஊசித்தூண்கள் நிறுத்தப்பட்டன.

சொந்தமாகக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்கத் தலைநகரில் ஜார்ஜ் வாஷிங்டனின் நினைவாக 555 அடி உயரத்தில் எழுப்பிய தூண் 1885-இல் அர்ப்பணிக்கப்பட்டது. டெக்சஸ் மாநிலம் சும்மா இருக்குமா? 1836-இல் மெக்சிகோவிடமிருந்து விடுதலை பெற்ற சான் ஜசின்டோ போரின் நினைவாக, ஹூஸ்டன் நகருக்கு அருகே 567 அடித் தூணை 1939-இல் முடித்து, வாஷிங்டனையும் மிஞ்சிக் காட்டியது.

ஆக, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வடிவம் சொல்லி வந்தது ஒரே செய்திதான்: "நான் வென்றேன், நான் ஆள்கிறேன், என்னை மறக்காதே." 1963-இல் நியூயார்க்கில் ஓர் ஓவியர் இந்த வடிவத்தை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

தையல் தொழில் வீட்டுப் பிள்ளை

அவர் பெயர் பார்னெட் நியூமன். 1905-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர், ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். தந்தை ஆடை தயாரிக்கும் தொழில் நடத்தினார். 1929 பொருளாதார வீழ்ச்சியில் அந்தத் தொழில் நொடித்தது. மகன் பல ஆண்டுகள் அதைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டார். பள்ளிகளில் தற்காலிக ஓவிய ஆசிரியராகவும் வேலை செய்தார். பின்னாளில் குடும்பத்தைத் தாங்கியது பெரும்பாலும் ஆசிரியையான மனைவி அனலீயின் சம்பளம்.

1933-இல், 28 வயதில், நியூயார்க் மேயர் பதவிக்கே போட்டியிட்டார் நியூமன்! வாக்குச் சீட்டில் பெயர் இல்லாமல், வாக்காளர்கள் தாங்களே எழுதிப் போட வேண்டிய வேட்பாளர். வெற்றி கிடைக்காது என்று அவருக்கே தெரியும். பண்பாட்டைப் பற்றிப் பேச அரசியலில் ஆள் வேண்டும் என்பதற்காக நின்றார். எந்த அதிகாரத்தையும் எளிதில் நம்பாத மனிதர். ரஷ்யப் புரட்சிச் சிந்தனையாளர் குரோபட்கினின் தன்வரலாறு 1968-இல் மறுபதிப்பு கண்டபோது அதற்கு முன்னுரை எழுதியவரும் இவர்தான்.

ஓவியராக அவருக்கு மதிப்பு தாமதமாகவே வந்தது. ஒரே நிறம் பூசிய பெரிய திரை. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இதுதான் அவருடைய ஓவியம். 1950-இலும் 1951-இலும் அவர் நடத்திய கண்காட்சிகளைப் பார்த்துச் சக ஓவியர்களே முகம் சுளித்தார்கள். "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். நேயர்களில் சிலரும் இப்போது அப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டேகால் அங்குலத்தில் நிற்கும் பாரம்

நியூமன் 1963-இல் மனத்தில் கண்ட சிற்பம் இதுதான். கீழே ஒரு பிரமிடு. அதன் கூரிய உச்சியின்மேல், தலைகீழாகக் கவிழ்த்த ஊசித்தூண் ஒன்று தன் கூர்முனையால் நிற்கிறது. முனையும் முனையும் தொடுகின்றன. தூணின் அடிப்பாகம் மேலே வானத்தைப் பார்த்திருக்கிறது. அந்த அடிப்பாகம் சீராக முடியவில்லை. யாரோ முறித்தெடுத்ததுபோல் ஒழுங்கின்றிப் பிளந்திருக்கிறது. பெயர் "உடைந்த ஊசித்தூண்".

மொத்த உயரம் ஏறக்குறைய 25 அடி. எடை சுமார் 3 டன். ஆனால் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடமோ வெறும் இரண்டேகால் அங்குலச் சதுரம். நம் உள்ளங்கையால் மூடிவிடலாம். இதை விழாமல் நிறுத்துவது எப்படி? அந்தச் சிக்கலைத் தீர்த்து, சிற்பத்தைச் செய்துகொடுக்கும் பட்டறை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1967-இல் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த லிப்பின்காட் என்ற நிறுவனம் அதைச் செய்தது. கலைஞர்களின் பெரிய சிற்பங்களை மட்டுமே செய்வதற்கென்று சற்று முன்புதான் தொடங்கப்பட்ட பட்டறை அது.

பயன்படுத்திய உலோகமும் கவனிக்கத்தக்கது. அதற்குக் கார்-டென் எஃகு என்று பெயர். செம்பு, குரோமியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்துச் செய்த எஃகு. 1930-களில் அமெரிக்க எஃகு நிறுவனம் ஒன்று நிலக்கரி ஏற்றும் ரயில் பெட்டிகளுக்காக இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாதாரண இரும்பில் துரு பிடித்தால் அது பொரிந்து உதிரும். உள்ளே மேலும் துரு ஏறும். இந்த எஃகில் பிடிக்கும் துரு அடர்த்தியான தோலாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். அதனால் சாயம் பூச வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் அந்தத் தோல் சரியாகப் பிடிக்காது. நம்மைப் போல் புழுக்கமான ஊரில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1967-இல் இரண்டு பிரதிகள் தயாராயின. ஒன்று நியூயார்க்கில் சீக்ராம் கட்டடத்தின் முன்னால் வைக்கப்பட்டது. மற்றது வாஷிங்டனில் கார்க்கரன் கலைக்கூடத்தின் வெளியே நின்றது. அங்கிருந்து வாஷிங்டன் நினைவுத்தூண் நடந்து போகும் தூரம்தான். ஒன்று 555 அடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் வெள்ளைத் தூண். மற்றது கவிழ்ந்து, முறிந்து, துருவேறி நிற்கும் தூண். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

மெம்பிஸ் நகரில் ஒரு துப்பாக்கிச் சத்தம்

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நியூமன் இந்தச் சிற்பத்தை எந்தத் தலைவருக்காகவும் செய்யவில்லை. 1963-இல் அதைக் கற்பனை செய்தபோது மார்ட்டின் லூதர் கிங் உயிரோடு இருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் தம் கனவைப் பற்றிப் பேசினார்.

கிங் நமக்கு அந்நியர் அல்லர். 1959-இல் ஏறக்குறைய ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியவர். காந்தியடிகள் வாழ்ந்த மண்ணைப் பார்க்க வந்த அவர், மனைவியோடு கன்னியாகுமரிக் கடற்கரையில் அமர்ந்து, ஒரு பக்கம் சூரியன் மறைவதையும் மறுபக்கம் நிலவு எழுவதையும் கண்டதைப் பின்னாளில் தம் சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார். கேரளத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்" என்ற பொருள்படும்படி அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டார். பிறகு சிந்தித்துப் பார்த்து, ஆம், நானும் அப்படித்தான், என் நாட்டில் உள்ள ஒவ்வொரு கறுப்பரும் அப்படித்தான் என்று உணர்ந்ததாகச் சொன்னார்.

1967 ஏப்ரல் 4-ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்தார் கிங். அதுவரை அவரைப் பாராட்டிய பத்திரிகைகள் பலவும் அவருக்கு எதிராகத் திரும்பின. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி, மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே அவர் போனது யாருக்காகத் தெரியுமா? குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக. குப்பை லாரியின் இயந்திரத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் நசுங்கி இறந்ததில் வெடித்த போராட்டம் அது.

இன்று கிங்கின் பிறந்தநாள் அமெரிக்காவில் தேசிய விடுமுறை. ஆனால் அந்த விடுமுறை முதன்முதலில் அனுசரிக்கப்பட்டது 1986-இல்தான். 1968-லும் 1969-லும் அவர் பெயர் பல வெள்ளையர்களுக்குக் கசப்பான பெயர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஹூஸ்டனுக்கு வருவோம்.

நகர மன்றத்தின் முன் ஒரு நிபந்தனை

ஹூஸ்டன் எண்ணெயால் செழித்த நகரம். அங்கே ஜான் டி மெனில், டொமினிக் டி மெனில் என்ற பிரெஞ்சுத் தம்பதியர் வாழ்ந்தார்கள். எண்ணெய்க் கிணறுகளை மின்சார முறையில் ஆராயும் ஷ்லம்பர்ஜர் நிறுவனம் டொமினிக்கின் தந்தையும் சிற்றப்பாவும் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் இவர்களைப் பிரான்சிலிருந்து விரட்டியது. பணத்துக்குக் குறைவில்லை. அந்தப் பணத்தைக் கலைக்கும் கறுப்பின மக்களின் உரிமைக்கும் செலவிட்டார்கள். மேலைநாட்டு ஓவியங்களிலும் சிற்பங்களிலும் கறுப்பின மக்கள் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள் என்று ஆராயும் பெரிய திட்டம் ஒன்றை 1960-இலேயே தொடங்கி வைத்தவர்கள் இவர்கள்.

அந்த நகரத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். 1967 மே மாதத்தில், கறுப்பின மாணவர்கள் படித்த டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டது. மாணவர் விடுதியை நோக்கிப் போலீசார் ஆயிரக்கணக்கான குண்டுகளைச் சுட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். ஏறக்குறைய 500 மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தக் காயம் ஆறாத நேரம்.

1969-இல், பொது இடத்தில் ஒரு நவீன சிற்பம் வைப்பதற்காக அமெரிக்கக் கூட்டரசின் கலை நிதியிலிருந்து ஹூஸ்டன் நகருக்கு மானியம் கிடைக்க இருந்தது. அதற்கு ஈடான தொகையை நாங்கள் தருகிறோம் என்று டி மெனில் தம்பதியர் முன்வந்தார்கள். உடைந்த ஊசித்தூணைத் தேர்ந்தெடுத்தார்கள். நகர மன்றக் கட்டடத்தின் அருகே வைக்கலாம் என்பது திட்டம். அவர்கள் விதித்தது ஒரே ஒரு நிபந்தனை: இந்தச் சிற்பம் மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட வேண்டும்.

நகர நிர்வாகம் மறுத்தது.

சிற்பம் வரட்டும், பெயர் வர வேண்டாம். இதுதான் அவர்களுடைய நிலை. இரும்பில் யாருக்கும் தகராறு இல்லை. முகமில்லாத, வாயில்லாத இரும்பு யாரையும் குற்றம் சாட்டாது. ஆனால் அதனோடு ஒரு கறுப்பினத் தலைவரின் பெயர் சேர்ந்தால், அந்த உடைந்த தூண் உடனே பேசத் தொடங்கிவிடும். "என்னை உடைத்தது யார்?" என்று நகர மன்றத்தின் வாசலிலேயே நின்று கேட்கும்.

ஜான் டி மெனில் சளைக்கவில்லை. கிங்கின் பெயர் வேண்டாம் என்றால் வேறொரு வாசகத்தைப் பொறிக்கலாமே என்று யோசனை சொன்னார். தம்மைச் சிலுவையில் அறைந்தவர்கள் அறியாமல் செய்கிறார்கள், அவர்களை மன்னியும் என்று இயேசுநாதர் வேண்டினார் அல்லவா, அந்த வாசகம்! குத்தல் யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. பேச்சு அதோடு முடிந்தது. தம்பதியர் முழுப் பணத்தையும் தாங்களே கொடுத்துச் சிற்பத்தை வாங்கினார்கள்.

இந்த மறுப்பின் கனத்தை உணர இன்னொரு செய்தியும் தெரிய வேண்டும். நகர மன்றத்துக்குப் பக்கத்திலேயே சாம் ஹூஸ்டன் பூங்கா இருக்கிறது. அடிமை முறையைக் காக்க 1861-இல் பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலங்களின் நினைவாக, இறக்கையோடு கூடிய வெண்கல உருவம் ஒன்று 1908 முதல் அந்தப் பூங்காவில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு நகரத்தின் பொது நிலத்தில் இடம் இருந்தது. கிங்கின் பெயருக்கு இல்லை.

நீரில் நிற்கும் தூண்

அதே சமயம் டி மெனில் தம்பதியர் ஹூஸ்டனில் ஒரு வழிபாட்டுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நியூமனின் தலைமுறையைச் சேர்ந்த ஓவியர் மார்க் ராத்கோ அதற்காக இருள் கவிந்த 14 பெரிய ஓவியங்களை வரைந்திருந்தார். எட்டுப் பக்கச் சுவர், சன்னல் இல்லை, கூரை வழியே மட்டும் வெளிச்சம். எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் வந்து அமரலாம். பல சமயங்களின் புனித நூல்களும் வாசல் பகுதியில் வைக்கப்பட்டிருக்கும்.

அந்தக் கூடத்தின் எதிரே ஒரு சிறு நீர்நிலை அமைத்து, அதன் நடுவே உடைந்த ஊசித்தூணை நிறுத்தினார்கள். கிங்கின் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள். தூணின் நிழல் நீரில் விழும்போது கவிழ்ந்த தூண் நிமிர்ந்து தெரிகிறது.

கூடம் திறக்கப்பட்டது 1971 பிப்ரவரியில். இரண்டு கலைஞர்களுமே அதைப் பார்க்க இல்லை. ராத்கோ 1970 பிப்ரவரியில் இறந்தார். நியூமன் அதே ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, மாரடைப்பால் இறந்தார்.

நீரின் நடுவே நிறுத்தியது அழகுதான். ஆனால் எஃகு சும்மா விடுமா? ஹூஸ்டன் கடலுக்கு அருகில் உள்ள, ஈரப்பதம் மிகுந்த நகரம். காக்க வேண்டிய துரு அரிக்கத் தொடங்கியது. பல முறை செப்பனிட வேண்டியிருந்தது. 2000-களின் நடுவில் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். நினைவுச்சின்னம் வைத்ததோடு கடமை முடிந்துவிடாது. அதைத் தொடர்ந்து காப்பதற்கும் மனிதர்கள் வேண்டும்.

மனிதர்கள் வந்தார்கள். கிங்கின் பிறந்தநாளையொட்டி அங்கே கூட்டங்கள் நடந்து வருகின்றன. 1986-இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் டொமினிக் டி மெனிலும் சேர்ந்து மனித உரிமைப் பரிசு ஒன்றை நிறுவினார்கள். 27 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் விடுதலையான நெல்சன் மண்டேலா 1991 டிசம்பரில் அந்தக் கூடத்துக்கு வந்து உரையாற்றினார்.

வெறுப்பும் வந்தது. 2018 மே மாதத்தில் யாரோ கூடத்தின் வாசலிலும் நீர்நிலை அருகிலும் வெள்ளைச் சாயத்தைக் கொட்டி, வெள்ளையர் இனவாதிகள் பரப்பிய முழக்கம் அச்சிட்ட துண்டுத்தாள்களை வீசிவிட்டுப் போனார்கள். இரும்பு வெறும் இரும்பாக இருந்தால் அதன்மேல் யாருக்கு என்ன கோபம்?

"இதில் என்ன இருக்கிறது?"

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். கிங்குக்குச் சிலை வைப்பதென்றால் அவர் முகத்தோடு வைக்க வேண்டியதுதானே? சாதாரண மனிதனுக்குப் புரியாத இரும்புத் துண்டு எதற்கு? பணக்காரர்களின் விளையாட்டல்லவா இது?

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. கிங்குக்கு முகத்தோடு கூடிய சிலைகளும் தேவை. அவரை அறியாத பிள்ளைகளுக்கு அந்த முகம் பாடமாக இருக்கும். ஆனால் முகம் உள்ள சிலையை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று சற்று எண்ணிப் பாருங்கள். யார் என்று தெரிந்ததும் நம் வேலை முடிந்துவிடுகிறது. மாலை போடுகிறோம், படம் எடுக்கிறோம், போகிறோம். உடைந்த தூணின் முன் அப்படிப் போய்விட முடியாது. இது விழப்போகிறதா, எழப்போகிறதா? மேலே உடைந்து நிற்பது முடிவா, இன்னும் முடியாத வேலையா? விடை பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

வடிவம் மட்டும் தானாகவே அரசியல் பேசிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். நியூமன் உயிரோடு இருந்தபோதே இந்தச் சிற்பத்துக்கு மூன்று பிரதிகள் உருவாயின. ஒன்று நியூயார்க் நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது. இன்னொன்று சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செங்கல் பாவிய சதுக்கத்தில் நிற்கிறது. மூன்றாவதுதான் ஹூஸ்டனில் இருப்பது. மூன்றும் ஒரே அளவு, ஒரே எஃகு, ஒரே துரு. கலைக்கூடத்தில் அது புகழ்பெற்ற கலைப்பொருள். சதுக்கத்தில் மாணவர்கள் "அங்கே சந்திப்போம்" என்று சொல்லிக்கொள்ள உதவும் அடையாளம். ஹூஸ்டனில் மட்டும்தான் அது ஒரு மனிதனின் மரணத்தையும் ஒரு நகரத்தின் தயக்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. வேறுபாடு எதனால் வந்தது? ஒரு பெயரால். அந்தப் பெயருக்காக விட்டுக்கொடுக்காமல் நின்றவர்களால். ஆண்டுதோறும் அங்கே வந்து கூடும் மக்களால்.

நியூமனும் தேவையான நேரத்தில் நேரடியாகப் பேசியவர்தான். 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, போரை எதிர்த்து வீதிக்கு வந்த இளைஞர்களை மேயர் டேலியின் போலீசார் அடித்து நொறுக்கினார்கள். எஃகுச் சட்டத்தில் முள்கம்பியைக் கட்டங்கட்டமாகக் கட்டி, அதன்மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, "மேயர் டேலிக்கு ஒரு லேஸ் திரை" என்று பெயரிட்டார் நியூமன். அதுவும் அரூபச் சிற்பம்தான். அதிலும் மனித உருவம் இல்லை. ஆனால் சிவப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

வெற்றியா, தோல்வியா?

ஹூஸ்டன் கதையை நாம் முழு வெற்றியாகவும் கொண்டாடிவிட முடியாது. கிங்கின் பெயர் நகர மன்றத்தின் முன்னால், வரி கட்டும் எல்லா மக்களுக்கும் சொந்தமான நிலத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அது நடக்கவில்லை. தனியார் இருவரின் பெருந்தன்மையால் வேறோர் இடத்தில் வாழ்வு பெற்றது. அப்படிப்பட்டவர்கள் ஒவ்வோர் ஊரிலும் கிடைப்பார்களா? அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தனிமனிதர் செய்தார் என்றால், தனிமனிதருக்குப் பெருமை. அரசாங்கத்துக்கு அது பெருமை ஆகாது.

காலமும் தன் கணக்கைத் தீர்த்தது. 2020 மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசாரின் பிடியில் உயிரிழந்தார். அவர் வளர்ந்தது இதே ஹூஸ்டனில்தான். அவருடைய உடல் அடக்கத்துக்காக ஹூஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே ஜூன் மாதத்தில், 1908 முதல் சாம் ஹூஸ்டன் பூங்காவில் நின்ற அந்த வெண்கல உருவத்தை நகர நிர்வாகம் அகற்றியது. அது பிறகு ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் சின்னம், அடிமைகளின் வழித்தோன்றல்கள் நடத்தும் கூடத்தில் பாடப்பொருள் ஆனது.

உடைந்த தூணோ அதே நீரில் அதே இடத்தில் நிற்கிறது.

நேயர்களே, நம் ஊர்களிலும் தூண்கள் இருக்கின்றன, சிலைகள் இருக்கின்றன, சாலைப் பெயர்கள் இருக்கின்றன. அடுத்த முறை எம்பிரஸ் பிளேஸ் பக்கம் போனால், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, டல்ஹௌசி தூணில் உள்ள தமிழ் எழுத்துகளின் முன் சற்று நில்லுங்கள். "நம் மொழி இங்கே இருக்கிறது" என்று பெருமைப்படுங்கள், அதில் தவறில்லை. அதோடு இரண்டு கேள்விகளையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். இதில் எழுதியிருப்பது யாருடைய பெயர்? எழுதாமல் விட்டது யார் யாருடைய பெயர்?